நிறங்களைப் படிப்பது எப்படி? பட்டியலைத் தூரப் போட்டுவிட்டுத் தொடங்குபவர்களுக்கு

சிவப்பு என்றால் கோபம், வெள்ளை என்றால் தூய்மை, பச்சை என்றால் வளம், கறுப்பு என்றால் துக்கம். நிறங்களுக்குப் பொருள் சொல்லும் பட்டியல்கள் ஏறக்குறைய எல்லாமே இப்படித்தான் இருக்கும். பரீட்சைக்கு இது போதும். ஆனால் இதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு சங்கப் பாட்டுக்குள்ளோ கல்யாண வீட்டுக்குள்ளோ நுழைந்தால் கொஞ்ச நேரத்தில் வழி தப்பிவிடும். "பொண்ணு நல்ல சிவப்பு" என்று பெரியம்மா சொல்லும்போது அதில் கோபமும் இல்லை, சிவப்பும் இல்லை. தும்பைப் பூ வெள்ளைதான். பழைய தமிழ்ப் புறத்திணையில், அதாவது போரைப் பாடும் மரபில், அதைச் சூடிக்கொண்டு கிளம்புகிறவன் ஒன்று வெட்டப் போகிறான், இல்லையென்றால் வெட்டுப்படப் போகிறான்.

தமிழ் இலக்கியத்திலும் அன்றாட வாழ்க்கையிலும் நிறம் என்ன சொல்கிறது என்று புதிதாகக் கவனிக்க ஆசைப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். முன்னறிவு எதுவும் வேண்டாம். ஒரு நோட்டு, ஒரு ஸ்பூன் மஞ்சள்பொடி, வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு ஒரு துளி, பாதி எலுமிச்சம்பழம் போதும். எதற்கு என்று இதோ சொல்கிறேன்.

முதல் படி: நிறத்தை விடுங்கள், பொருளைப் பிடியுங்கள்

ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து மஞ்சள்பொடியைக் கலக்குங்கள். அதில் சுண்ணாம்பைக் கரைத்து விடுங்கள். மஞ்சள் தண்ணீர் அந்த நிமிடமே ரத்தச் சிவப்பாகிவிடும். இப்போது எலுமிச்சம்பழத்தைப் பிழியுங்கள். சுண்ணாம்பின் காரம் (நாக்கில் உறைக்கும் காரமல்ல, புளிப்புக்கு எதிரான குணம்) போனதும் மறுபடி மஞ்சள். மஞ்சளில் இருக்கும் குர்குமின் என்ற பொருள் காரத்தில் சிவக்கும், புளிப்பில் பழைய நிறத்துக்கு வரும். வேட்டியில் சிந்திய சாம்பார்க் கறை சோப்புப் போட்டதும் சிவந்து பயமுறுத்துவது இதனால்தான்.

டம்ளரில் நீங்கள் பார்த்த சிவப்புத் தண்ணீர்தான் ஆரத்தித் தட்டில் இருப்பது. மாப்பிள்ளை பெண்ணை வாசலில் நிறுத்திச் சுற்றி, கடைசியில் தெருவில் கொட்டுவார்களே, அதே தண்ணீர். வீட்டில் செய்யும் பழைய முறைக் குங்குமத்துக்கும் இதுதான் வழி: மஞ்சளையும் காரத்தையும் சேர்த்துச் சிவக்க வைப்பது. ஆக, தமிழ் வீட்டில் மஞ்சளும் குங்குமமும் எப்போதும் ஜோடியாகவே பேசப்படுவதற்குக் கீழே ஓர் அடுப்படி உண்மை இருக்கிறது. ஒன்று மற்றொன்றிலிருந்து பிறந்தது. மஞ்சளை ஒரு வரியிலும் சிவப்பை வேறொரு வரியிலும் போடும் பட்டியலில் இந்த உறவு தெரியவே தெரியாது.

அதனால் எங்காவது ஒரு நிறம் கண்ணில் பட்டால், 'இந்த நிறத்துக்கு என்ன பொருள்' என்று உடனே கேட்காதீர்கள். 'இது எதிலிருந்து வந்த நிறம்' என்று கேளுங்கள். கிழங்கிலிருந்து வந்த மஞ்சளா, பொன்னிலிருந்து வந்த மஞ்சளா, பழுத்த இலையின் மஞ்சளா? செம்மண்ணின் சிவப்பா, ரத்தத்தின் சிவப்பா, தளிரின் சிவப்பா? பாதிப் பொருள் அந்தப் பதிலிலேயே வந்துவிடும்.

இரண்டாம் படி: யார் மேல், எந்த நாளில்?

மீதிப் பாதி இங்கே இருக்கிறது. நோட்டில் மேலிருந்து கீழாகக் கோடு போட்டு மூன்று பத்தி பிரித்துக்கொள்ளுங்கள்: எதன் நிறம், யாரிடம் இருக்கிறது, எந்த நேரத்தில். தெருவில் இறங்கி ஒரு வாரம் எழுதினாலே போதும், பட்டியல்கள் மேல் நம்பிக்கை போய்விடும்.

மஞ்சளையே எடுத்துக்கொள்ளுங்கள். கல்யாணப் பத்திரிகையின் நான்கு மூலையிலும் தடவினால் மங்களம். துக்கச் செய்தி அட்டையில் தவறிக்கூடப் படாது. நேர்ந்துகொண்டு ஒரு ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்தடியில் வைத்தால் அது தெய்வத்திடம் கொடுத்த வாக்கு. ஆனால் ஒருவன் 'மஞ்சக் கடுதாசி கொடுத்துட்டான்' என்றால் அவன் திவால். மஞ்சப்பையின் கதை இன்னும் வேடிக்கை. கல்யாண வீட்டில் தேங்காய், வெற்றிலை போட்டுக் கொடுத்த பை. பிறகு பட்டணத்துக்காரர்கள் வாயில் 'மஞ்சப்பையோட வந்தவன்' என்று பட்டிக்காட்டானைக் குறிக்கும் கேலி. 2021இல் தமிழ்நாடு அரசு பிளாஸ்டிக் பைக்கு எதிராக 'மீண்டும் மஞ்சப்பை' என்று இயக்கமே தொடங்கிய பிறகு கையில் வைத்திருப்பவருக்கு ஒரு பெருமை. துணியும் மாறவில்லை, சாயமும் மாறவில்லை.

கறுப்புக்கு மார்கழி மாதம் நல்ல பாடம். கறுப்பு வேட்டி, கறுப்புச் சட்டை, கழுத்தில் துளசி மாலை என்றால் சபரிமலைக்கு விரதம் இருக்கும் ஐயப்ப பக்தர். மாலை இல்லாத கறுப்புச் சட்டை, அதுவும் ஒரு பொதுக்கூட்ட மேடையில் என்றால், பெரியார் இயக்கத்தவர். 1946இல் மதுரையில் கருஞ்சட்டை மாநாடு நடந்ததிலிருந்து அந்தச் சட்டைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. ஒருவர் சாமிக்காகப் போட்டது, மற்றவர் சாமி இல்லை என்று சொல்லப் போட்டது. இரண்டு பேரும் ஒரே பேருந்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வருவதுதான் தமிழ்நாடு.

நல்ல காரியத்துக்குக் கறுப்பு ஆகாது என்று சொல்லும் அதே வீடுகளில் குழந்தையின் கன்னத்தில் மைப்பொட்டும் இடுப்பில் கறுப்புக் கயிறும் இருக்கும். கண்ணேறு வரும் வழியை அடைக்கும் வேலை கறுப்புக்கு. பிராமண வீட்டு வளைகாப்பில் கர்ப்பிணிக்கு மசக்கைப் புடவை என்று கறுப்பைத்தான் உடுத்துவார்கள். தமிழ் முஸ்லிம் கல்யாணங்களில் கழுத்தில் ஏறும் மங்கலப் பொருளே கருகமணிதான். கறுப்பென்றால் துக்கம் என்று எழுதி வைத்தவர் இந்த மூன்று வீட்டுக்கும் போகாதவர்.

வெள்ளையைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்கிறேன். கல்யாண மண்டபத்தில் பெண்ணின் அப்பா வெள்ளை வேட்டி கட்டி முன்னால் நிற்பார், அது கௌரவம். அதே மண்டபத்தில் வெள்ளைப் புடவை கட்டிய அத்தைப்பாட்டி, தாலி கட்டும் நேரத்தில் தூணுக்குப் பின்னால் நின்ற காலம் ஒன்று இருந்தது. சில இடங்களில் இன்னும் இருக்கிறது. ஒரே வெள்ளை ஆணுக்கு ஒன்றைக் கொடுத்தது, பெண்ணிடமிருந்து வேறொன்றைப் பறித்தது. 'யாரிடம்' என்ற பத்தியை நோட்டில் விடக்கூடாது என்று நான் அழுத்திச் சொல்வது இதற்காகத்தான்.

இடம் மாறினாலும் பொருள் மாறும். தமிழ்நாட்டுத் தெருவில் கறுப்புக் கொடி கட்டியிருந்தால் எதிர்ப்பு அல்லது துக்கம். இலங்கையில் வீதியோரம் வரிசையாக வெள்ளைக் கொடி தொங்கினால் அங்கே சாவு வீடு.

மூன்றாம் படி: ஒரு சின்னப் பாட்டில் நிறத்தை எண்ணுங்கள்

தெருவில் பழகியாகிவிட்டது. இனி இலக்கியம். குறுந்தொகையில் கடவுள் வாழ்த்துக்கு அடுத்து வரும் முதல் பாட்டையே எடுத்துக்கொள்வோம். திப்புத்தோளார் பாடியது, நான்கே வரி.

செங்களம் படக்கொன்று அவுணர்த் தேய்த்த
செங்கோல் அம்பின் செங்கோட்டு யானைக்
கழல்தொடிச் சேஎய் குன்றம்
குருதிப் பூவின் குலைக்காந் தட்டே.

பென்சிலால் சிவப்பை எல்லாம் அடிக்கோடு போடுங்கள். செங்களம்: அவுணர், அதாவது அசுரர், சிந்திய ரத்தத்தால் சிவந்த போர்க்களம். செங்கோல் அம்பு: அவர்களைத் துளைத்துச் சிவந்த அம்பு. செங்கோட்டு யானை: குத்திச் சிவந்த கொம்பு. சேஎய்: முருகன், அவனே செந்நிறத்தவன். குருதிப் பூ: காந்தள். நான்கு வரியில் ஐந்து சிவப்பு. இத்தனை சிவப்பு தற்செயலாக வராது.

சரி, இது போர்ப் பாட்டா? இல்லை. காதல் பாட்டு. தலைவன் காந்தள் பூவைக் கையுறையாக, அதாவது காதல் பரிசாக, கொண்டு வந்து நீட்டுகிறான். தோழி வாங்க மறுக்கிறாள். 'எங்கள் மலை முருகன் மலை, இந்தப் பூ இங்கே கொத்துக் கொத்தாகக் கிடக்கிறது' என்கிறாள். சொன்னது அவ்வளவுதான். வேண்டாம் என்ற சொல்கூட இல்லை.

இப்போது முதல் படியின் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். எதன் சிவப்பு? முதல் மூன்றும் ரத்தம். நான்காவது தெய்வத்தின் மேனி. ஐந்தாவதுதான் பூ, அந்தப் பூவுக்கும் ரத்தத்தின் பெயரையே கொடுக்கிறாள். காதலன் கையில் இருப்பது ஒரு சாதாரணப் பூங்கொத்து. தோழி பேசி முடிக்கும்போது அதில் ஒரு போர்க்களமே ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'பொல்லாதவர்களைத் தேய்த்தவன் காவல் காக்கும் மலை இது, விளையாட்டுக்கு வந்தவன் என்றால் இப்போதே திரும்பிப் போ' என்று அவள் மிரட்டுவதாகவே எனக்குப் படுகிறது. இது என் ஊகம். நீங்கள் வேறு மாதிரி படிக்கலாம், ஆனால் ஐந்து சிவப்புக்கும் பதில் சொல்லும்படி படிக்க வேண்டும்.

காந்தளை நேரில் பார்த்துவிட்டு வந்தால் பாட்டு இன்னும் பிடிபடும். செங்காந்தள் தமிழ்நாட்டின் மாநில மலர். மலரும்போது பசுமையும் மஞ்சளுமாக இருந்து, நாள் ஆக ஆகச் சிவக்கும் இதழ், நெருப்பு நாக்கைப் போல மேல்நோக்கி வளையும். கண்வலிக்கிழங்கு என்று உழவர்கள் சொல்வது இந்தச் செடியைத்தான். விதைக்காகப் பயிரிடுகிறார்கள், கிழங்கோ கடும் நஞ்சு. ஈழத்தில் இதற்குக் கார்த்திகைப் பூ என்று பெயர். அங்கே நவம்பர் மாதத்து மாவீரர் நினைவோடு அது கலந்துவிட்டது. திப்புத்தோளாரின் குருதிப் பூவை ஓர் ஈழத்து வாசகர் படிப்பதும் திண்டுக்கல் பக்கத்து விவசாயி படிப்பதும் ஒன்றாக இருக்காது. இரண்டாம் படியின் 'யாரிடம்' என்ற கேள்வி வாசகருக்கும் சேர்த்துத்தான்.

நான்காம் படி: பசலையில் கொஞ்சம் தங்குங்கள்

உலகத்து இலக்கியங்களில் காதலுக்கு நிறம் கொடுத்தவர்கள் உண்டு. பிரிவுக்கு ஒரு நிறம் கொடுத்து, அந்த நிறத்தை உயிருள்ள ஒரு பிராணி மாதிரி உடம்பில் நடமாட விட்டவர்கள் தமிழர்கள். அதன் பெயர் பசலை, பசப்பு. திருக்குறளில் இதற்கென்றே ஓர் அதிகாரம், 119ஆவது. 'புல்லிக் கிடந்தேன் புடைபெயர்ந்தேன் அவ்வளவில் அள்ளிக்கொள் வற்றே பசப்பு' என்கிறாள் ஒருத்தி. கட்டிக்கொண்டு படுத்திருந்தேன், சற்றே விலகினேன், அந்த இடைவெளிக்குள் பசப்பு என்னை அள்ளிக்கொண்டுவிட்டது.

புதியவர்கள் முட்டிக்கொள்ளும் இடம் ஒன்று: பசலை எந்த நிறம்? பச்சையா, மஞ்சளா? இரண்டு பாட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குறுந்தொகை 399இல் பரணர், ஊரார் தண்ணீர் எடுக்கும் கேணியில் படரும் பாசிதான் பசலை என்கிறார். கை படும் இடமெல்லாம் விலகுகிறது, கையை எடுத்ததும் வந்து மூடிக்கொள்கிறது. 'தொடுவுழித் தொடுவுழி நீங்கி விடுவுழி விடுவுழிப் பரத்தலானே.' இங்கே பசலை பச்சை. ஆனால் குறுந்தொகை 98இல் கோக்குளமுற்றனாரின் தலைவி தோழியிடம் வேறு யோசனை சொல்கிறாள். நம் தோட்டத்துப் புதரில் மாரிக்காலத்துப் பீர்க்கு பூத்திருக்கிறதே, அதில் சில பூக்களைப் பறித்துக்கொண்டு போய், 'உன் அழகி இப்படி ஆகிவிட்டாள்' என்று அவரிடம் காட்டிச் சொல்ல யாராவது கிடைத்தால் நல்லது. 'மாரிப் பீரத்து அலர்சில கொண்டே.' பீர்க்கம் பூ பளிச்சென்ற மஞ்சள்.

புடவைக்கு ஏற்ற ஜாக்கெட் துணி வாங்க முந்தானையில் ஒரு துண்டு வெட்டிக்கொண்டு கடைக்குப் போவதில்லையா, அந்த மாதிரி அவள் தன் உடம்பின் நிறத்துக்கு ஒரு மாதிரித் துண்டு அனுப்பப் பார்க்கிறாள். நிறத்தின் பெயரைச் சொல்லவில்லை. அழுகிறேன், மெலிந்தேன் என்று எதுவும் இல்லை. நாலு பூ போதும், அவனுக்குப் புரியும்.

அப்படியானால் பச்சை சரியா, மஞ்சள் சரியா? இரண்டும். பழைய தமிழில் பசுமை என்பது இன்றைய பச்சையைவிட அகலமானது, பொன்னின் மஞ்சள்வரை போகும். இன்றைக்கும் நாம் 'பசும்பொன்' என்கிறோம், யாரும் பச்சைத் தங்கம் என்று நினைப்பதில்லை. நன்னூல் 'ஐவண்ணம்' என்று சொல்வதை வெண்மை, செம்மை, கருமை, பொன்மை, பசுமை என்று விரிப்பார்கள். இதில் நீலம் தனியாக இல்லை என்பதைக் கவனியுங்கள். கடலும் மேகமும் மயில் கழுத்தும் காயாம்பூவும் எல்லாம் கருமை, பசுமைப் பக்கமே போய்ச் சேரும். காலண்டரில் நீலமாக இருக்கும் திருமால், தொல்காப்பியத்தில் மாயோன், அதாவது கரியவன்; தொண்டரடிப்பொடி ஆழ்வாருக்குப் 'பச்சைமா மலைபோல் மேனி'. முரண்பாடு என்று எழுதி வைக்காதீர்கள். நம் கண் கோடு போட்ட இடத்தில் அவர்கள் கோடு போடவில்லை, அவ்வளவுதான்.

பசலை எதைத் தின்கிறது என்று பார்த்தால் இன்னொரு செய்தி கிடைக்கும். வெள்ளிவீதியாரின் பாட்டு, குறுந்தொகை 27: நல்ல பசுவின் இனிய பால் கன்றும் குடிக்காமல், பாத்திரத்திலும் விழாமல், மண்ணில் சிந்திப் போனதுபோல, எனக்கும் ஆகாமல் என் தலைவனுக்கும் உதவாமல் என் 'மாமைக் கவினை'ப் பசலை தின்னப் பார்க்கிறது. மாமை என்றால் மாந்தளிர் நிறம், கருமை ஓடிய மேனி. அந்த அழகு போகிறதே என்றுதான் அவள் அழுகிறாள். வெளுத்துப் போவது அவளுக்கு நோய். பெண் பார்க்கும் படலத்தில் 'மாநிறம்' என்று குரலைத் தாழ்த்திச் சொல்லும் நாம், வெளுப்பதற்கு கிரீம் வாங்கும் நாம், இந்தப் பாட்டை ஒரு தடவை சத்தமாகப் படிக்கலாம்.

ஐந்தாம் படி: சொல்லில் மட்டும் இருக்கும் நிறத்தைக் கழியுங்கள்

இது சின்ன வேலை, ஆனால் செய்யாவிட்டால் தொல்லை. 'செம்' என்று தொடங்கும் சொல்லெல்லாம் சிவப்பு ஆகாது. செந்தமிழ், செம்மொழி, அரசனின் செங்கோல் எல்லாம் செம்மை என்ற நேர்மையைச் சொல்பவை. மேலே பார்த்த பாட்டில் வரும் 'செங்கோல் அம்பு' மட்டும் ரத்தச் சிவப்பு. ஒரே சொல், இடம்தான் தீர்ப்புச் சொல்லும். பச்சைத் தண்ணீர், பச்சைக் குழந்தை, பிள்ளை பெற்றவளின் பச்சை உடம்பு, பச்சைப் பொய் எதிலும் பச்சை நிறம் இல்லை. கருகருவென்று நிற்கும் ஆட்டையும் வெள்ளாடு என்றுதான் கூப்பிடுகிறோம்.

இன்னொரு வகை, வெளியிலிருந்து வந்தவை. கறுப்புப் பணம், வெள்ளை அறிக்கை, சிவப்பு நாடா, மஞ்சள் பத்திரிகை எல்லாம் ஆங்கிலம் வழியாக வந்த சாமான். பச்சைக் கொடி காட்டுவது ரயிலோடு வந்தது. இவற்றைப் பிடித்துக்கொண்டு தமிழ் மரபில் நிறம் பற்றி ஆராய்ச்சி செய்யாதீர்கள்.

ஆறாம் படி: எங்கே நிறம் வெறும் அடையாளம், எங்கே அதற்கு மேல்?

கடைக்குப் போய் 'ரெண்டு நீலம், ஒரு பச்சை' என்றால் ஆவின் பால் பாக்கெட் வரும். நீலம் என்றால் கொழுப்புக் குறைவு, பச்சை அதற்கு மேல், ஆரஞ்சு என்றால் நிறை கொழுப்பு. ரேஷன் அட்டை புத்தகமாக இருந்த காலத்தில் பச்சை அட்டைக்கு அரிசி, வெள்ளை அட்டைக்குச் சர்க்கரை. இதில் குறியீடு எதுவும் தேட வேண்டாம். நாளைக்கே நிறத்தை மாற்றினாலும் ஒரு மாதம் குழம்பிவிட்டு எல்லாரும் பழகிக்கொள்வார்கள். மாற்றினால் யாருக்கும் மனசு வலிக்காது என்றால் அது அடையாள நிறம். தாலிக் கயிற்றை நீலமாக்கிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

நடுவில் நிற்பவையும் உண்டு. வடலூர் சத்திய ஞான சபையில் ஜோதிக்கு முன்னால் ஏழு திரைகள்: கறுப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன், வெள்ளை, கடைசியில் கலப்பு வண்ணம். ஒவ்வொன்றும் ஒரு சக்தி என்று வைத்த மரபு அது. தைப்பூசத்தன்று திரைகள் ஒவ்வொன்றாக விலகும்போது, கறுப்பு முதலில் போவது ஏன் என்று யாரும் விளக்கத் தேவையில்லை. இப்படி உருவாக்கியவரே சாவியைக் கொடுத்திருக்கும் இடத்தில் அந்தச் சாவியைப் பயன்படுத்துங்கள், சொந்தச் சாவி வேண்டாம்.

மதுரையில் சித்திரைப் பௌர்ணமி வேறு ரகம். கள்ளழகர் தங்கக் குதிரையில் வைகையில் இறங்கும்போது என்ன நிறப் பட்டு உடுத்தியிருக்கிறார் என்று பார்க்கவே கூட்டம் எம்பும். பெட்டிக்குள் பல நிறப் பட்டு இருக்கும், பட்டர் கைவிட்டு எடுப்பதுதான் அன்றைக்கு என்பது மதுரைப் பேச்சு. பச்சைப் பட்டு என்றால் மழை பெய்து நாடு செழிக்கும், சிவப்பு என்றால் அவ்வளவு நல்லதல்ல என்பார்கள். மேல்மருவத்தூரில் அம்மன் பக்தர்களுக்கு அதே சிவப்புதான் புனித ஆடை. அங்கே சிவப்பு நல்லதாகவும் இங்கே கவலையாகவும் இருப்பதில் குழப்பம் எதுவும் இல்லை. வைகைக் கரையில் நிற்பவர் தண்ணீரைப் பற்றிக் கேட்கிறார். தண்ணீருக்குப் பச்சைதான் பதில் சொல்லும்.

ஏழாம் படி: கவிஞர் தலைகீழாக்குவதைப் பிடியுங்கள்

ஊர்வழக்கு தெரிந்த பிறகுதான் இது சாத்தியம். காக்கை நம் வீடுகளில் பித்ருக்களின் பறவை, சனீஸ்வரனின் வாகனம். வாசலில் கத்தினால் விருந்தாளி, தலையில் தட்டிவிட்டுப் போனால் குளித்துவிட்டு வா என்பார்கள். அதன் கறுப்பை அழகென்று சொன்னவர் குறைவு. பாரதி, 'காக்கைச் சிறகினிலே நந்தலாலா, நின்றன் கரியநிறம் தோன்றுதையே' என்கிறார். மயில் கழுத்தில் கண்ணனைப் பார்ப்பது யாருக்கும் வரும். காக்கைச் சிறகில் பார்ப்பதற்கு ஒரு பாரதி வேண்டியிருந்தது. அடுத்த வரியில் மரங்களைப் பார்க்கிறார், அங்கே கண்ணனின் 'பச்சைநிறம்'. கறுப்பும் பச்சையும் ஒரே மேனியில் எப்படி என்று இப்போது நீங்கள் கேட்கமாட்டீர்கள். நான்காம் படியில் அதைப் பார்த்தாகிவிட்டது.

எட்டாம் படி: தனியாகப் படிக்க

உ.வே.சாமிநாதையர் 1937இல் வெளியிட்ட உரையோடு கூடிய குறுந்தொகைப் பதிப்பு கிடைத்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்திலும் மதுரைத் திட்டம் (Project Madurai) என்ற இணையதளத்திலும் மூலப் பாட்டுகள் இலவசமாக இருக்கின்றன. 1, 27, 98, 399 என்ற எண்களை முதலில் படியுங்கள். பிறகு 40, எல்லாருக்கும் தெரிந்த 'செம்புலப் பெயல்நீர்'. அதில் மழைக்கு நிறம் இல்லை, மண்ணுக்கு இருக்கிறது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, காதலர் இருவரில் யார் மண், யார் மழை என்று யோசித்துப் பாருங்கள். பாட்டு அதைச் சொல்லவில்லை.

அதற்கு அப்புறம் முல்லைப்பாட்டு. பயப்பட வேண்டாம், 103 அடிதான். கடைசிப் பகுதியில், போர் முடித்த அரசன் கார்காலத்துக் காட்டு வழியே வீடு திரும்பும் இடத்தில் இந்த நான்கு அடிகள் வரும்:

செறியிலைக் காயா அஞ்சனம் மலர
முறியிணர்க் கொன்றை நன்பொன் கால
கோடல் குவிமுகை அங்கை அவிழ
தோடார் தோன்றி குருதி பூப்ப

காயா மையைப் பூத்தது, கொன்றை பொன்னைச் சொரிந்தது, வெண்காந்தள் உள்ளங்கையாக விரிந்தது, தோன்றி குருதியாகப் பூத்தது. நான்கு பூ, நான்கு நிறம், ஆனால் நிறத்தின் பெயர் ஒன்றுகூட இல்லை. நோட்டில் நான்கையும் எழுதுங்கள்: கண்மை, பொன், உள்ளங்கை, ரத்தம். பக்கத்தில் 'யாரிடம்' என்ற பத்தியை நிரப்புங்கள். முதல் மூன்றையும் வீட்டில் காத்திருக்கும் மனைவியிடம் எளிதாகப் பொருத்திவிடலாம். நான்காவதற்கு, அந்தத் தேரில் வருகிறவன் எங்கிருந்து வருகிறான் என்று பாட்டின் நடுப்பகுதிக்குத் திரும்பிப் போய்ப் பாருங்கள். அங்கே பாசறையில் அவன் தூக்கம் வராமல் உட்கார்ந்திருக்கிறான்.